ஒரு சேக்கலுக்கு எத்தனை தெனாரியம்?

பைபிளில் வரும் சேக்கலை ரோமானிய வெள்ளிக் காசான தெனாரியமாக மாற்றிச் சொல்லுங்கள் என்றால், பதிலுக்கு முன் இரண்டு விவரம் தெரிய வேண்டும். எந்தக் காலத்துச் சேக்கல்? அது எடையா, காசா? யூதா அரசர்கள் ஆண்ட நாட்களில் சேக்கல் என்பது எடை மட்டுமே. அங்கே நாணயம் அச்சிடும் வழக்கம் கிடையாது. வெள்ளித் துண்டுகளைத் தராசில் நிறுத்துத்தான் கொடுக்கல் வாங்கல் எல்லாம் நடந்தது. ரோமர் காலத்தில் அதே பெயர் ஒரு வெள்ளிக் காசுக்கு வந்துவிட்டது. பெயர் ஒன்றுதான், எடை வேறு.

பழைய சேக்கலின் எடையை நமக்குச் சொல்பவை எடைக்கற்கள். எருசலேம், லாகீஸ், ஆராத் முதலான இடங்களின் அகழாய்வில் இவை நிறையக் கிடைத்திருக்கின்றன. கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுண்ணாம்புக் கற்கள். அடிப்பக்கம் தட்டை, மேற்பக்கம் குவிவு, அதன்மேல் சேக்கல் குறியும் ஓர் எண்ணும். இவற்றை நிறுத்துப் பார்த்தால் ஒரு சேக்கலுக்குச் சுமார் 11.3 கிராம் வருகிறது.

ஆனால் 8 சேக்கல் எடையுள்ள கல்லில் எகிப்திய எழுத்துமுறையில் 10 என்று இருக்கிறது. 4 சேக்கல் கல்லில் 5! கல் வெட்டியவர் கணக்கில் தப்பு எதுவும் இல்லை. எகிப்தில் 'தெபென்' என்ற எடை சுமார் 91 கிராம். அது 10 'கெதெத்' கொண்டது. 8 சேக்கலை 11.3 கிராமால் பெருக்கினால் 90.4 கிராம். அதாவது 8 சேக்கலும் 10 கெதெத்தும் ஏறத்தாழ ஒன்று. யூதா வியாபாரி தன் கணக்கில் நிறுக்கலாம், எகிப்து வியாபாரி அதே கல்லில் தன் எண்ணை வாசித்துக்கொள்ளலாம். இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்தது இந்தச் சிறிய கல்தான்.

பெரிய எடையான தாலந்துக்கு பைபிளின் யாத்திராகமமே விடை தருகிறது. அதன் 38ஆம் அதிகாரத்தில் 6,03,550 ஆண்கள் தலைக்கு அரைச் சேக்கல் கொடுக்கிறார்கள். மொத்தம் 3,01,775 சேக்கல். அதையே 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்று அந்தப் பகுதி எழுதுகிறது. கழித்துப் பாருங்கள்: 100 தாலந்து 3,00,000 சேக்கல், எனவே ஒரு தாலந்து 3,000 சேக்கல். கிலோவில் சுமார் 34. சின்ன எடையான கேராவில்தான் சிக்கல். ஒரு சேக்கலுக்கு 20 கேரா என்கிறது வேதம். கிடைத்த சிறு எடைக்கற்களோ 24 என்ற கணக்குக்கே ஒத்துவருகின்றன.

சரி, ரோமுக்கு வருவோம். ரோமானிய ராத்தல் சுமார் 325 கிராம். அதில் 84 தெனாரியம் அடித்தார்கள், ஆகவே ஒரு காசு ஏறக்குறைய 3.9 கிராம். கி.பி. 64இல் நீரோ ஒரு ராத்தலுக்கு 96 காசு என்று ஆக்கியதும் எடை 3.4 கிராமாகக் குறைந்தது. சில்லறைக் காசுகளில் ஒரு தெனாரியத்துக்கு 4 செஸ்டெர்ஷியஸ், அல்லது 16 ஆஸ். 25 தெனாரியம் சேர்ந்தால் ஒரு பொற்காசு. இயேசு காட்டச் சொன்ன வரிக்காசு திபேரியு இராயனின் தெனாரியமாக இருக்கலாம் என்பது பலருடைய கருத்து. அந்த வகைக் காசு கொங்கு நாட்டுப் புதையல்களில் ஏராளமாகக் கிடைத்திருக்கிறது.

இரண்டு முறைகளையும் இணைத்தது கிரேக்க வெள்ளிக் காசான திராக்மா. ஒரு சேக்கல் 4 ஆத்திக் (ஏதென்ஸ்) திராக்மாவுக்குச் சமம் என்று யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் எழுதுகிறார். திராக்மாவையும் தெனாரியத்தையும் சமமாக எண்ணுவது அன்றைய வழக்கம். எனவே ஒரு சேக்கல் 4 தெனாரியம். எந்தச் சேக்கல்? எருசலேம் ஆலய வரிக்குச் செல்லுபடியான, தீரு பட்டணத்தில் அடித்த, சுமார் 14 கிராம் வெள்ளிக் காசு. 14ஐ 3.9ஆல் வகுத்தால் 3.6தான் வருகிறது. எண்ணும் கணக்கில் 4, எடைக் கணக்கில் 3.6. ஆலய வரியான அரைச் சேக்கலோடு காசு மாற்றுவோர் ஒரு சிறு கூடுதலும் வாங்கினார்கள். அதன் விதிகள் யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கின்றன. கி.பி. 70இல் ஆலயம் அழிந்த பிறகு, ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் அதே வரியை ரோமின் யூப்பித்தர் கோவிலுக்குத் திருப்பிவிட்டபோது கேட்டது தலைக்கு 2 தெனாரியம். அரைச் சேக்கல் அப்படியே பெயர் மாறிப் போனது.

மதிப்பை உணர இன்றைய வெள்ளி விலையால் பெருக்குவதை நான் ஏற்பதில்லை. அன்று வெள்ளிக்கு இருந்த வாங்கும் சக்தி வேறு. கூலிதான் நல்ல அளவுகோல். மத்தேயுவின் திராட்சைத்தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதுதான் 'ஒரு பணம்'. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் 30 வெள்ளிக்காசு தீரு சேக்கல் என்று கொண்டால் 120 தெனாரியம், அதாவது ஒரு கூலியாளின் 120 நாள் உழைப்பு. யாத்திராகமம் அடிமைக்கு வைத்த விலையும் 30 சேக்கல்தான், ஆனால் அது நிறுத்த வெள்ளி, 340 கிராம் அளவு. தீரு காசில் 30 என்றால் 420 கிராம்.

தாலந்தும் ரோமர் காலத்தில் 6,000 திராக்மா கொண்ட கிரேக்கத் தாலந்தாகிவிட்டது. வருடத்துக்கு 300 வேலை நாள் என்றாலும் ஒரு தாலந்து 20 வருடக் கூலி. இரக்கமற்ற வேலைக்காரன் உவமையில் அவனுடைய கடன் 10,000 தாலந்து, 6 கோடி தெனாரியம். கலிலேயாவை ஆண்ட ஏரோது அந்திப்பாவின் ஆண்டு வருமானமே 200 தாலந்து என்கிறார் ஜொசீஃபஸ். அந்தக் கடன் அந்திப்பாவின் 50 ஆண்டு வருமானம். அது மன்னிக்கப்பட்ட கையோடு அந்த வேலைக்காரன் தன் சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்தது 100 தெனாரியத்துக்காக, தன் கடனில் ஆறு லட்சத்தில் ஒரு பங்குக்காக.