பழைய டிராக்டர் வாங்குமுன் பின்பக்க ஆயிலைப் பாருங்கள்

பங்குனி, சித்திரை மாதங்களில் டெல்டாவில் பழைய டிராக்டர்கள் நிறைய கைமாறும். தாளடி அறுவடைக் காசு கையில் இருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு வண்டி வேண்டும். 20, 25 வருடம் ஓடிய 35 குதிரைத்திறன் வண்டி புதுப் பெயிண்டோடு நிற்கும், ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பலர் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். மேட்டு நிலத்து வண்டிக்குத் தூசிதான் எமன். நம் பக்கத்து வண்டிக்குச் சேற்றுத் தண்ணீர். அது முதலில் பிடிப்பது எஞ்சினை அல்ல, கியரும் பின் ஆக்சிலும் இருக்கும் கூடான பின்பக்க ஹவுசிங்கை.

காரணம் எளிது. ரோட்டில் ஓடி வந்த வண்டியின் கியர் பெட்டியும் பின் ஆக்சிலும் சூடாக இருக்கும். அப்படியே சேடையில், அதாவது நடவுக்காகத் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் வயலில், இறக்கினால் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள ப்ரீதர் துவாரம் திறந்திருந்தால் வெளிக்காற்று வந்து அதைச் சரிக்கட்டிவிடும். பெயிண்டும் சேறும் அடைத்திருந்தால், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆக்சில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கூடவே வைக்கோல், நைலான் கயிறு, பிளாஸ்டிக் பை எல்லாம் ஆக்சிலில் சுற்றிக்கொண்டு சீலின் உதட்டை அறுக்கும். சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலை முழுதாகப் போட்டு ஓட்டிய வண்டியில் பேரிங் மீது பாரம் கூடுவதால் ஷாஃப்ட் ஆடும். ஆடுகிற ஷாஃப்டில் எந்தச் சீலும் நிற்காது.

ஆகவே வண்டி பார்க்கப் போகும்போது காலையிலேயே போங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர் ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலை வைத்துப் பின் ஹவுசிங்கின் டிரெயின் பிளக்கை இரண்டு மூன்று சுற்று மட்டும் தளர்த்தச் சொல்லுங்கள். முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று பாருங்கள். ஆயில் டீ நிறத்தில் பால் கலந்தாற்போல இருந்தால் தண்ணீர் நன்றாகவே கலந்துவிட்டது. சந்தேகமாக இருந்தால் சூடான தோசைக்கல்லில் ஒரு சொட்டு விடுங்கள். தண்ணீர் இருந்தால் படபடவென்று பொரியும், நல்ல ஆயில் சத்தமில்லாமல் பரவும். விற்பவர் பிளக்கைத் தொட விடாவிட்டால் பேரத்தை அங்கேயே நிறுத்துவது நல்லது.

பிளக்கில் காந்தம் இருந்தால் ஒட்டியதை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போலக் குழைந்தால் வழக்கமான தேய்மானம். ஊசி, செதில் போலக் குத்தினால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. பிறகு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துவிட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசையுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் செலவு நிச்சயம்.

பல மாடல்களில் கியர், டிஃபரன்ஷியல், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். தண்ணீர் கலந்தால் லிஃப்ட் பம்பும் சேர்ந்து துருப்பிடிக்கும். ரொட்டவேட்டரை மாட்டித் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, லிஃப்ட் கை நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். 10 நிமிடத்துக்குள் தொப்பென்று தரைக்கு வந்தால் லிஃப்ட் பிஸ்டன் சீலோ கண்ட்ரோல் வால்வோ போயிருக்கிறது. தூக்கி நிற்கும் ரொட்டவேட்டருக்கு அடியில் தலையைக் கொடுக்க வேண்டாம்.

எஞ்சினைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பிளாக்கில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

ஆர்சி புத்தகத்தில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்களை வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கடன் ரத்தாகியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தான பிறகே முழுப் பணம்.

வாங்கிய பிறகு முதல் செலவு சீலுக்கும் ஆயிலுக்கும் இருக்கட்டும். டயர், பெயிண்ட் எல்லாம் பிறகு. பழைய ஆயிலைச் சூட்டோடு முழுக்க வடித்து, புது ஆயில் ஊற்றி அரை மணி நேரம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி நிரப்பினால்தான் மூலை முடுக்கில் நிற்கும் தண்ணீர் போகும். 30 லிட்டருக்கு மேல் பிடிக்கும் வண்டிகள் உண்டு, செலவு வலிக்கும்தான். ஆனால் பின் ஆக்சிலைச் சுற்றும் பல்சக்கர ஜோடியான க்ரவுன் பினியனை மாற்றும் செலவுக்கு இது பக்கத்திலேயே வராது.

புதுச் சீல் போட்டும் ஒரே போகத்தில் ஒழுகுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஷாஃப்ட். பழைய சீல் உட்கார்ந்திருந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படும். அந்தப் பள்ளத்திலேயே புதுச் சீலின் உதடு உட்கார்ந்தால் பயனில்லை. இடம் இருந்தால் சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வைக்கலாம். இல்லாவிட்டால் லேத்தில் கொடுத்து ஸ்லீவ் ஏற்ற வேண்டும். ஸ்பிரிங் உள்ள பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். இரட்டை உதட்டுச் சீல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் அளவுக்கு ஒத்த குழாய்த் துண்டை வைத்துச் சமமாகத் தட்டி இறக்குங்கள். சுத்தியலால் நேரடியாக அடித்தால் ஒரு பக்கம் கோணும். ப்ரீதரைக் கழற்றி டீசலில் கழுவ மறக்கக் கூடாது.

அதிகம் பேர் கவனிக்காத இடம் கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் சிறு துவாரம். கசியும் ஆயில் வெளியேறத்தான் அது இருக்கிறது. சேற்றுழவுக்கு இறங்குமுன் அதை பிளக் போட்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு ஏறி கிளட்ச் பிளேட் வழுக்கும், ரிலீஸ் பேரிங் கத்தும். சேற்று வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

வருடக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியென்றால் நேராகச் செல்ஃப் அடிக்காதீர்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். டேங்க் டீசலை வடித்து ஃபில்டர்களை மாற்றி, லைனில் காற்றை எடுங்கள். எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் பிரஷர் வரும்வரை செல்ஃபை விட்டு விட்டுச் சுற்றுங்கள். டீசல் பம்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் துருவால் இறுகியிருந்தால் ஸ்டார்ட் ஆனதும் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகம் பிடிக்கும், ஸ்டாப் இழுத்தாலும் நிற்காது. அப்போது எஞ்சினுக்குள் காற்று போகும் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் தயாராக நிற்க வேண்டும். கையால் அடைக்கக் கூடாது.

சேடை ஓட்டும் நாட்களில் கிரீஸ் அடிப்பது சாயங்கால வேலை. காலைக்குத் தள்ளினால் இரவு முழுக்க முன் ஆக்சிலைத் தாங்கும் சென்டர் பின்னிலும் சக்கர ஹப்பிலும் தண்ணீர் நின்று துருவேறும். சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதுசு எட்டிப் பார்க்கும்வரை கிரீஸ் கன்னை அழுத்துங்கள். ஆக்சிலில் சுற்றிய கயிறு, வைக்கோலை அன்றே அறுத்தெடுங்கள். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் ஓடிய வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித்தான் நிறுத்த வேண்டும். சூடான எஞ்சின் மேல் மட்டும் தண்ணீர் பீய்ச்சாதீர்கள்.

தாளடிக்குப் பிறகு சும்மா நிற்கப்போகும் வண்டிக்கு, நிறுத்துமுன் எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள். ஓடிய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் நிற்கும் மாதங்களில்தான் பேரிங்கை அரிக்கும். டேங்கில் டீசலை நிரப்பி வைத்தால் உள்ளே வியர்க்காது. புகைக்குழாய்க்கு ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, கிளட்ச் பெடலை அமுக்கி ஒரு கட்டையை முட்டுக் கொடுங்கள். அதைச் செய்தால் ஜூனில் பிளேட் ஒட்டிக்கொண்டு கியர் விழாமல் நிற்காது.