சைபர்காண்ட்ரியா – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

உடம்பில் தெரியும் ஒரு சின்ன அறிகுறியை இணையத்தில் தேடத் தேட, பெரிய நோய் வந்துவிட்டதோ என்ற அச்சம் ஏறிக்கொண்டே போவதுதான் சைபர்காண்ட்ரியா. இணையத்தைக் குறிக்கும் 'சைபர்', இல்லாத நோய் இருப்பதாக அஞ்சுவதைக் குறிக்கும் 'ஹைப்போகாண்ட்ரியா' இரண்டையும் ஒட்டிச் செய்த சொல்.

நம் பெரியவர்கள் பூஜ்யத்தைச் சைபர் என்பார்கள். அது அரபு 'சிஃப்ர்' வழி வந்தது. இந்தச் சைபரோ கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து, 'சைபர்னெட்டிக்ஸ்' என்னும் கட்டுப்பாட்டு அறிவியலின் பெயர் வழியாக வந்தது. பின்பாதியும் கிரேக்கம்தான். 'ஹைப்போ' என்றால் கீழே, 'கொண்ட்ரோஸ்' என்றால் குருத்தெலும்பு. விலாக் குருத்தெலும்புக்குக் கீழே கல்லீரலும் மண்ணீரலும் இருக்கும் மேல்வயிற்றுக்கு வைத்த பெயர் அது. காரணமில்லாத கலக்கம் அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சொல்லும் நமக்கு இது புரியாததல்ல.

தேடினால் பயம் ஏன் கூடுகிறது? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரையன் வைட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தலைவலி என்று தேடினால் மூளைக் கட்டியும் காப்பியை நிறுத்தியதால் வரும் தலைவலியும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நின்றன. நிஜத்தில் மூளைக் கட்டி மிக அரிது. ஒரு நோயைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான் தேடுபொறி காட்டுகிறது, அது எத்தனை பேருக்கு வருகிறது என்பதை அல்ல.

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் இதே சிக்கல் உண்டு. 'இயல்பு அளவு' என்று போடும் எல்லை, பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரின் அளவை வைத்துக் கணக்கிட்டது. மீதி 5 சதவீதத்தினர் நோயில்லாமலே எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஆகவே ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு. தடித்த எழுத்தில் வரும் அந்த ஒரு எண்ணைத் தேடுபொறியில் போடுவதைவிட, முழு ரிப்போர்ட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும், தொந்தரவு தொடங்கிய தேதியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போவது மேல்.

தேடல் பொய்யான தைரியத்தையும் தரும், அது இன்னும் ஆபத்து. நெஞ்சில் அழுத்தம், கூடவே வியர்வை; அல்லது முகம் கோணி, பேச்சுக் குழறுகிறது. இப்படி இருந்தால் வாயுப்பிடிப்பா என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

தமிழில் 'இணைய நோயச்சம்' எனலாம். ஆனால் அச்சத்தை வளர்ப்பது இணையம் அல்ல, நிறுத்த முடியாத தேடல். அதனால் 'தேடல் நோயச்சம்' இன்னும் பொருத்தம். "ரிப்போர்ட் வந்ததிலிருந்து அவருக்குத் தேடல் நோயச்சம்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சில் இடறாது.