பேக்-மேனுக்கு ஒரு பிழைதிருத்தப் பட்டியல்

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, பேக்-மேன்ல 256-ஆவது கட்டத்துக்குப் போனா பாதித் திரை குலைஞ்சு போவுது. அதைச் சரிபண்ணி, புதுசா ஒரு பாதையும் வரைஞ்சு வச்சிருக்கேன். கூட்டுக்காரங்களுக்குக் குடுக்கலாமா? 256 ராசியில்லாத எண்ணுன்னு ஒருத்தன் சொல்லுகான்."

ராசிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 1980-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட, பாதையில் புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும் அந்த வீடியோ ஆட்டம், கட்ட எண்ணை எட்டு பிட்டில், அதாவது 0 அல்லது 1 மட்டும் வைக்கக்கூடிய எட்டு இடங்களில், வைத்திருக்கிறது. 0 முதல் 255 வரைதான் அதில் அடங்கும். 0-விலிருந்து எண்ணுவதால் 256-ஆவது கட்டத்தில் உள்ளே இருப்பது 255. திரையின் அடியில் பழங்களை வரையும் நிரல் அதோடு ஒன்றைக் கூட்ட, பழைய ஸ்கூட்டர் மீட்டர் சுற்றி வந்ததுபோல 0 ஆகிவிடும். அந்த நிரலோ ஒரு பழத்தை வரைந்த பிறகுதான் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, தீர்ந்ததா என்று பார்க்கும். 0-வில் ஒன்று போனால் 255. அப்புறமென்ன, 256 பழங்கள்! பட்டியலில் பழம் தீர்ந்த பின்னும் நினைவகத்தில் அடுத்திருப்பதையெல்லாம் பழமென்று நம்பி வலப்பாதி முழுக்க அப்பிவிடும். 244 புள்ளிகளைத் தின்றால்தான் அடுத்த கட்டம். அத்தனை புள்ளி அங்கே மிச்சமில்லை.

சரி, எப்படித் திருத்துவது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். நிரலின் நடுவே நாலு கட்டளையைச் செருக முடியாது. செருகினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே நகர்ந்துவிடும். "இன்ன முகவரிக்குப் போ" என்று எழுதியிருப்பதெல்லாம் தப்பான வீட்டுக் கதவைத் தட்டும். அதனால் தெருவில் இடிக்காமல், ஊருக்கு வெளியே, அதாவது நினைவகத்தில் பயன்படாத இடத்தில், காலி மனை தேட வேண்டும். பழைய நிரலில் மூன்று பைட்டை (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) மட்டும் அழித்து, "அந்த மனைக்குப் போய்விட்டு வா" என்ற கட்டளையை எழுதுகிறோம். பேக்-மேனை இயக்கும் செயலியான இசட்80 சில்லில் அதற்குச் சரியாக மூன்று பைட் போதும். மனையில் நம் புது வேலை நடக்கிறது. அழித்துவிட்ட பழைய வேலையையும் அங்கேயே செய்து முடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். பழைய நிரலுக்குத் தான் வெளியே போய் வந்ததே தெரியாது.

1981-ல் டக் மக்ரே, கெவின் கரன் என்ற அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவன மாணவர்களின் குழு செய்ததும் இதைத்தான். பேக்-மேன் இயந்திரத்தின் மின்சுற்றுப் பலகையிலிருந்து இசட்80-ஐக் கழற்றி, அந்தச் சாக்கெட்டில் தங்கள் துணைப்பலகையைச் செருகினார்கள். அது முகவரிக் கம்பிகளைக் கவனித்துக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட 40 இடங்கள் வந்தால் மட்டும் பழைய நிரல் இருக்கும் சில்லை ஓரங்கட்டிவிட்டு, எட்டு எட்டு பைட்டாகத் தன் சரக்கைக் கொடுக்கும். அசல் சில்லில் ஒரு கீறல்கூட விழவில்லை. அதுவே அமெரிக்காவில் பேக்-மேனை விற்றுவந்த மிட்வே நிறுவனத்தின் கைக்குப் போய், 1982-ல் மிஸ் பேக்-மேன் ஆனது. அதற்கு முன் வேறொரு ஆட்டத்துக்கு இப்படி ஒரு துணைப்பலகை விற்றதற்காக அந்த ஆட்டத்தின் நிறுவனமான அட்டாரி அவர்கள்மேல் வழக்குப் போட்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி, தம்பியின் உண்மையான கேள்வி. முழு ஆட்டத்தையும் நகலெடுத்துக் கொடுக்காதே; அது உன்னுடையதல்ல. நம் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே பார்க்கிறது. மாற்றத்தை மட்டும் கொடு. பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் "பக்கம், வரி, பிழை, திருத்தம்" என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதேபோல. ஐபிஎஸ் என்ற கோப்பு வடிவம் அச்சு அசலாக அதுதான்: முகவரிக்கு மூன்று பைட், நீளத்துக்கு இரண்டு, பிறகு புது எழுத்துகள். ஒரே ஒரு பைட்டை மாற்றும் கோப்பு, முகப்பும் முடிவுக்குறியும் சேர்த்து மொத்தம் 14 பைட். ஆட்டமோ 16,384 பைட். பிழையான எழுத்தைக்கூடப் பட்டியல் சொல்வதில்லை. அசல் கையில் இல்லாதவனுக்கு அது வெறும் எண்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முடிவுக்குறியான "இஓஎஃப்" என்ற மூன்று ஆங்கில எழுத்தையே முகவரியாகப் படித்தால் 45,42,278 வருகிறது. அந்த முகவரியில் திருத்தம் தொடங்கினால், படிக்கும் நிரல் பட்டியல் முடிந்துவிட்டதென்று எழுந்து போகலாம். பேக்-மேன் அவ்வளவு பெரிதில்லை, பிழைத்தோம்.

இப்படித் தந்தாலும் உரிமையாளர் ஆட்சேபிக்கலாம். காசு வாங்காதே, அவர்கள் பெயரில் உலவ விடாதே. கல்லூரிகள் புது ஆய்வகத்துக்குக் கோடிகளில் செலவழித்துவிட்டு, பழைய பலகைகளை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. இதையெல்லாம் கையால் தொட்டுக் கற்க வேறு எது உண்டு?

கடைசியாக ஒன்று, தம்பி. மின்சாரம் வந்ததும் பேக்-மேன் தன் சில்லில் உள்ள பைட்டுகளைக் கூட்டிப் பார்க்கும். தொகை மாறினால் சில் கெட்டுவிட்டது என்று சொல்லி நின்றுவிடும். அந்தச் சோதனைக்கும் ஒரு வரி உன் பட்டியலில் இருக்கிறதா பார்.