புஷ்ஷிங் ‘புதர்’ அல்ல. பேரிங் ‘தாங்கு உருளை’யும் அல்ல

ரிமோட்டில் ஓடும் கரடுமுரடுத் தரை விளையாட்டு லாரிகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் இணையப் பக்கங்கள் இப்போது தமிழிலும் வருகின்றன. அவற்றில், சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங் ‘தாங்கு உருளை’ ஆகிறது. அச்சு வழுக்கிச் சுழல்வதற்காகத் துளைக்குள் பொருத்தும் வளையக்குழலான புஷ்ஷிங் ‘புதர்’ ஆகிறது. எந்திரம் மொழிபெயர்த்தது, ஆள் திருத்தவில்லை என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் ‘வெண்கலப் புதர்’, ‘பிளாஸ்டிக் புதர்’ என்று பக்கத்துக்குப் பக்கம் அதுவே வருகிறது. அதைப் படித்த சிறுவர்கள் வாயாலும் அதையே கேட்கத் தொடங்கிய பிறகு பேசாமல் இருப்பது தவறு. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில், ஒரு பிள்ளை தன் கையில் இருக்கும் பொருளுக்குத் தமிழில் பெயர் தேடினால் சரியான பெயர் கிடைக்க வேண்டும்.

சொற்பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பேரிங் என்பது ‘சும’ என்று பொருள்படும் ஆங்கில வினையிலிருந்து வந்தது. வடமொழி வழியாக நம்மிடம் வந்த ‘பாரம்’ என்ற சொல்லுக்கும் அதற்கும் இந்தோ-ஐரோப்பிய வேர் ஒன்றே. புஷ்ஷிங்கின் தாய்ச்சொல்லான புஷ், இடைக்கால டச்சு மொழியில் பெட்டி, குழாய் என்ற பொருளில் வழங்கிய சொல்லின் வழி வந்தது; அதன் மூலத்தைத் தேடிப் போனால் லத்தீனையும் தாண்டி, மரச்சிமிழைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் போய் நிற்கும். செடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பிறப்பு வேறு. இரண்டுக்கும் எழுத்து ஒன்றாக அமைந்தது தற்செயல். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டியதால் வந்த பிழை இது. லாவ் பா சாட் உணவங்காடியின் வழிகாட்டிப் பலகையில் கடைசி அசையான ‘சாட்’டைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கம் என்று எண்ணிச் ‘சனி’ என்று எழுதினார்களே, அந்த நோயேதான்.

‘புதர்’ அப்பட்டமான பிழை என்பதால் அதை விரட்டுவது எளிது. எனக்கு அதைவிடக் கவலை தருவது ‘தாங்கு உருளை’. கேட்கும்போது நல்ல தமிழாக ஒலிக்கிறது. பாடப்புத்தகத் தோரணையும் இருக்கிறது. அதனாலேயே யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. உருளை என்றால் நீண்டு உருண்ட வடிவம். பேரிங் வகைகளில் அப்படி உருளைகளை வைத்துச் செய்வதும் ஒன்று உண்டு. அதற்கு இந்தப் பெயர் பொருந்தும். ஆனால் ரிமோட் லாரியின் சக்கரத்தில் இருப்பது சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகள். 1794இல் வேல்ஸைச் சேர்ந்த பிலிப் வான் வண்டி அச்சுக்காகக் காப்புரிமை பெற்ற அமைப்பிலும் பள்ளத்தில் உருண்டவை குண்டுகளே. இதை எப்படித் தமிழில் சொல்கிறார்கள் தெரியுமா? ‘பந்து தாங்கு உருளை’. பந்தா, உருளையா? ஒரே பெயருக்குள் இரண்டு வடிவங்கள் மோதிக்கொள்கின்றன.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. பொறியியல் கணக்கில் புஷ்ஷிங்கும் பேரிங் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதற்குள் எதுவும் உருளாது. அச்சு அதன் உள்சுவரில் வழுக்கிச் சுழலும். அவ்வளவுதான் வேறுபாடு. குடும்பத்துக்கே ‘தாங்கு உருளை’ என்று பெயர் வைத்துவிட்டால், உருளாத உறுப்பினரை எந்தப் பெயரால் அழைப்பது? ‘வழுக்குத் தாங்கு உருளை’ என்றால் முரண். அதைக் குடும்பத்திலிருந்து வெளியே தள்ளினால், இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்ற அடிப்படையே படிப்பவருக்கு மறைந்துபோகும். ஒரு கிளைக்கு மட்டும் பொருந்துகிற பெயரை மரத்துக்கே சூட்டியதன் விளைவு இது.

குடும்பப் பெயர் ‘தாங்கி’ என்று இருந்தால் போதும். புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை. தலைச்சுமையை இறக்கி வைக்க ஊர் வழியில் நட்ட கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர். கூரை மேல் இருப்பது இடிதாங்கி. இங்கே நம் அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கும் மின்தூக்கியை எடுத்துக்கொள்ளுங்கள்: தூக்குவது தூக்கி, தாங்குவது தாங்கி. நாள்தோறும் செய்தித்தாளில் மின்தூக்கி என்று படிக்கும் சிங்கப்பூர்த் தமிழருக்குத் தாங்கி எப்படிக் கடினமான சொல்லாகும்?

உட்பிரிவுகளுக்கு வருவோம். உருளை இருந்தால் உருளைத்தாங்கி, குண்டு இருந்தால் குண்டுத்தாங்கி. குண்டு என்றதும் வெடிகுண்டு நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்குகிறார்கள். கோலிக்குண்டு, குண்டூசி, குண்டுமணி, விளையாட்டுத் திடலில் குண்டு எறிதல் என்று நாம் சொல்லும்போது யாரும் பதுங்கவில்லையே. ‘கோளத்தாங்கி’ என்று எழுதும் தூய்மையாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: கோளம் வடமொழியிலிருந்து வந்த சொல். தூய்மைக்காகக் குண்டை ஒதுக்கிவிட்டுக் கோளத்தைச் சேர்ப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. ‘பந்து’வும் வேண்டாம். பந்து எறிவதற்கும் துள்ளுவதற்கும் உரியது. சைக்கிள் கடையில் சக்கரத்தைக் கழற்றிக் கிரீஸ் தடவுகிறவர் ‘குண்டு தேய்ந்துவிட்டது’ என்பார். பந்து தேய்ந்துவிட்டது என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

புஷ்ஷிங்குக்கு என் தேர்வு ‘பூண்’. உலக்கை முனையில் மாட்டிய இரும்பு வளையத்தைப் பூண் என்கிறோம். பூணுதல் என்றால் அணிதல். அச்சு அணிந்துகொள்ளும் வளையக்குழலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எது? உலக்கைப் பூண் வெளியே தெரிகிறது, புஷ்ஷிங்கோ துளைக்குள் மறைந்திருக்கிறதே என்று மறுக்கலாம். துளையின் பக்கமிருந்து பார்த்தால்தான் அது உள்ளே இருக்கிறது. அச்சின் பக்கமிருந்து பார்த்தால் அதன் மேல்தான் இருக்கிறது. தாங்கும் வேலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தாங்குபூண்’ என்போம். மின்மாற்றியின் உறையைத் துளைத்து மின்கம்பி வெளிவரும் இடத்தில் பொருத்தும் காப்பு உறுப்புக்கும் ஆங்கிலத்தில் புஷ்ஷிங் என்றே பெயர். அதைக் ‘காப்புப்பூண்’ என்று பிரித்துக் காட்டவும் இந்தச் சொல் இடம் தருகிறது. ‘உறை’, ‘புறணி’ என்பவையும் புழக்கத்தில் உள்ளன. உறை மூடும், சுமக்காது. புறணி என்றால் பிரேக்கில் ஒட்டும் பட்டையும் நினைவுக்கு வரும், மரப்பட்டையும் நினைவுக்கு வரும்.

துவாஸிலும் ஜூரோங்கிலும் கப்பல் பட்டறைகளில் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் பேரிங், புஷ் என்றே சொல்கிறார்கள். அதில் எந்தக் குறையும் இல்லை. பொருளைத் தொட்டு அறிந்தவர் கடன் வாங்கிய சொல், பொருளைப் பார்க்காதவர் மொழிபெயர்த்த சொல்லைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது. ‘புதர்’ என்று எழுதுவதைவிடப் ‘புஷ்’ என்றே எழுதுங்கள்.

பெயர் சரியாக இருந்தால் எதை வாங்குவது என்பதும் தெளிவாகும். தொடக்கநிலை லாரிகள் பலவற்றில் விலையைக் குறைப்பதற்காகப் பிளாஸ்டிக் பூணோ, எண்ணெய் ஊறிய வெண்கலப் பூணோ போட்டு அனுப்புகிறார்கள். வெண்கலத்தைத் தூளாக்கி, அழுத்தி, சூடேற்றி இறுக்கிச் செய்யும் அந்தப் பூணின் நுண்துளைகளில் எண்ணெய் தங்கும். அச்சு சுழன்று சூடேறும்போது கசிந்து வரும். அடியையும் அதிர்வையும் பூண் தன் முழுப் பரப்பால் வாங்கிக்கொள்கிறது. குண்டுத்தாங்கியில் குண்டு தொடும் இடம் மிகச் சிறியது என்பதால், பெரிய குதிப்புகளில் குண்டுகள் உருளும் ஓடுபாதையில் பள்ளம் விழலாம். ஆனாலும் சக்கரத்துக்கும் பல்சக்கரப் பெட்டிக்கும் குண்டுத்தாங்கியே ஏற்றது. உருள்வதன் உராய்வு வழுக்குவதன் உராய்வைவிடப் பல மடங்கு குறைவு. மின்கலம் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும், மோட்டாரும் அவ்வளவாகச் சூடேறாது. பூண் தேய்ந்தால் துளை அகன்று அச்சு ஆடத் தொடங்கும். அச்சு ஆடினால் பற்கள் சரியாகக் கவ்வாமல் பல்சக்கரமே பாழாகும். பிளாஸ்டிக் பூணில் மணல் பதிந்துவிட்டால் அது அச்சையே அரித்துவிடும். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலில் ஓட்டுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும் என்பதில்லை. ஸ்டியரிங்கின் நெம்புகோல் முழுச்சுற்றுச் சுற்றாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிறிது அசையும், அவ்வளவுதான். அங்கே நல்ல பூண் போதும். பணத்தைச் சக்கரங்களில் போடலாம். அளவு பற்றிய அச்சமும் வேண்டாம். ரிமோட் வண்டிகள் செய்யும் தமியா நிறுவனம் 1150 என்று குறிப்பிடும் அளவு 11 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 5 மில்லிமீட்டர் உள்விட்டம், 4 மில்லிமீட்டர் அகலம். அதே அளவில் பூணும் உண்டு, குண்டுத்தாங்கியும் உண்டு. ஒன்றைக் கழற்றி மற்றதைச் செருகலாம்.

வாங்கும்போது இன்னொரு மொழிபெயர்ப்பும் குறுக்கே வரும்: ‘ரப்பர் முத்திரையிடப்பட்ட தாங்கு உருளை’. முத்திரை ஆவணத்தில் குத்துவது; ஆங்கிலத்தில் அதற்கும் அடைப்புக்கும் ‘சீல்’ என்றே பெயர். இங்கே சொல்ல வந்தது, சேறும் நீரும் புகாமல் குண்டுகளைக் காக்கும் ரப்பர் அடைப்பு. உலோக மூடி போட்ட வகையும் உண்டு. அது சற்று இலகுவாகச் சுழலும், ஆனால் ஓரத்து இடைவெளி வழியே நுண்மணல் உள்ளே போய்விடும். நம் ஊரில் மழைக்குப் பிறகு ஊறிக் கிடக்கும் திடலில் ஓட்டப் போகிறவர் ‘இரு பக்கமும் ரப்பர் அடைப்புள்ள குண்டுத்தாங்கி’ என்று கேட்டு வாங்க வேண்டும். தமிழில் விற்க வருகிறவர்களும் பெட்டியின் மேல் அப்படியே அச்சிட வேண்டும்.