ஒரே டிரம்மில் எத்தனை மருந்து?

ஓசூர், தளி வட்டாரத்து ரோஜா பாலிஹவுஸ்களில் (பிளாஸ்டிக் கூரைக் குடில்களில்) வெயில் ஏறத் தொடங்கினால் சாறு உறிஞ்சும் செஞ்சிலந்தியும் இலைப்பேனும் சேர்ந்தே ஏறும். கூலி மிச்சமாகட்டும், ஒரே தெளிப்பில் முடியட்டும் என்று டிரம்மில் நாலு மருந்தை ஊற்றுவது அப்போதுதான். கலப்பதே தவறு என்று சொல்ல மாட்டோம். எதற்காகக் கலக்கிறோம் என்று கேட்காமல் கலப்பதுதான் தவறு.

கலக்க நியாயமான காரணம் இரண்டு. இரு வேறு பூச்சிகள் ஒரே நேரத்தில் இருக்கலாம். அல்லது ஒரே பூச்சியின் வெவ்வேறு பருவங்களை அடிக்க வேண்டியிருக்கலாம். ஹெக்ஸிதயாசாக்ஸ் செஞ்சிலந்தியின் முட்டையையும் குஞ்சையும் கொல்லும், வளர்ந்ததை விட்டுவிடும். அபாமெக்டின் நடமாடும் சிலந்தியைக் கொல்லும், முட்டையிடம் தோற்கும். இவை இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று நிரப்புகின்றன.

இமிடாகுளோபிரிடுடன் அசிட்டாமிபிரிட் சேர்ப்பது அப்படியல்ல. புட்டி வேறு, பெயர் வேறு. பூச்சியின் நரம்பில் இரண்டும் தாக்கும் இடம் ஒன்றே. மருந்துகளைச் செயல்முறைப்படி பிரிக்கும் ஐராக் பட்டியலில் இரண்டுமே 4ஏ தொகுதி. ஒன்றைத் தாங்கிப் பழகிய அசுவினி மற்றதையும் பெரும்பாலும் தாங்கும். செஞ்சிலந்திக்கோ இவை மருந்தே அல்ல. ரெடி மிக்ஸ் புட்டியிலும் கவனம் வேண்டும். புரோஃபெனோஃபாஸ் 40%, சைபர்மெத்ரின் 4% கொண்ட மருந்து ஏற்கெனவே ஒரு கலவை. சைபர்மெத்ரினும் லாம்டா சைஹாலோத்ரினும் பைரித்ராய்டு என்ற ஒரே வகை. அதன்மேல் இதை ஊற்றினால் பைரித்ராய்டு இரட்டிப்பாகும். சிலந்தியைத் தின்னும் நன்மைப் பூச்சிகள் மடியும், சிலந்தி பெருகும்.

‘ரெண்டு மருந்து இருக்கே, பாதிப் பாதி போதும்’ என்பது எல்லாவற்றிலும் மோசமான கணக்கு. மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத் திறன் பூச்சிக்கு அங்கேதான் வளர்கிறது. கலவையிலும் ஒவ்வொரு மருந்துக்கும் லேபிளில் உள்ள முழு அளவு வேண்டும். அந்தப் பயிருக்கு, அந்தப் பூச்சிக்கு லேபிளில் பரிந்துரை இருக்கிறதா, கலக்கக்கூடாது என்ற எச்சரிக்கை இருக்கிறதா என்று இரண்டு லேபிளையும் படியுங்கள். வெப்பக்காலத்தில் செஞ்சிலந்தி பத்து நாளுக்குள் அடுத்த தலைமுறையை எட்டிவிடும். கலவையில் இரண்டு தொகுதிகளைச் செலவழித்துவிட்டதால், அடுத்த தலைமுறைக்கு இரண்டையும் விட்டு வேறு தொகுதிக்குப் போக வேண்டும்.

முதலில் தண்ணீர். போர் தண்ணீரின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 8-ஐத் தாண்டினால் சில மருந்துகள் டிரம்மிலேயே சிதையும். கேப்டான் பூஞ்சைக்கொல்லி பிஎச் 8-இல் ஏறத்தாழ 10 நிமிடத்தில் பாதியாகிவிடும். 10 லிட்டர் வாளியில் சிட்ரிக் அமிலத்தை ஒவ்வொரு கிராமாகக் கரைத்து, பிஎச் தாளில் 6 முதல் 6.5 வரும் அளவைக் கண்டுபிடித்து டிரம்முக்குக் கணக்கிடுங்கள். தாமிர மருந்து சேரும் நாளில் மட்டும் அமிலம் கூடாது. தாமிரம் அதிகமாகக் கரைந்து இலையைச் சுட்டுவிடும்.

அடுத்து பாட்டில் சோதனை. அதே தண்ணீர் 1 லிட்டரை நிறமில்லாத பாட்டிலில் எடுத்து, லிட்டருக்கான அளவை ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து விடுங்கள். அரை மணி நேரம் பாருங்கள். தயிர்போல் திரிந்தாலோ, பாட்டில் சூடானாலோ, எண்ணெய் பிரிந்து மிதந்தாலோ, குலுக்கியும் கரையாத படிவு நின்றாலோ அந்தக் கலவை வேண்டாம். தேறினால் ஒவ்வொரு ரகத்திலும் நாலைந்து செடிக்கு அடித்து மூன்று நாள் பொறுங்கள். பாட்டிலில் தேறியது இதழில் தேறும் என்பதற்கு உறுதியில்லை. இசி (தண்ணீரில் பால்போல் கலக்கும் எண்ணெய்த் திரவம்) மருந்துகளின் கரைப்பான் விரிந்த இதழின் ஓரத்தைக் கருக்கும். சந்தையில் பூவின் விலை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

டிரம்மில் பாதித் தண்ணீர் நிரப்பிக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். முதலில் வாளியில் கூழாகக் கரைத்த தூள் மருந்து, பிறகு எஸ்சி (நுண்துகள் மிதக்கும் கெட்டித் திரவம்), அதன்பின் இசி, கடைசியில் ஒட்டுத் திரவம். தண்ணீர் படாத இரண்டு மருந்துகளை நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றவே கூடாது. கந்தகம் அடித்த செடிக்கு இரண்டு, மூன்று வாரம் எண்ணெய் மருந்து வேண்டாம். உரத்தையும் இதிலேயே போடும் பழக்கம் உண்டு; கால்சியம் நைட்ரேட் சல்பேட் உரத்தைக் கண்டால் ஜிப்சமாகப் படிந்து நாசிலை அடைக்கும்.

மூடிய குடிலில் மருந்துப் புகை நெடுநேரம் நிற்கும். கலவை அடித்த குடிலுக்குள் நுழைய, இரு லேபிள்களில் நீண்ட காத்திருப்பு எதுவோ அதுவே கணக்கு. அதுவரை வாசலில் மருந்தின் பெயரும் அடித்த நேரமும் எழுதிய பலகை தொங்கட்டும். பூ வெட்டும் பெண்களை கையுறையில்லாமல் உள்ளே அனுப்பாதீர்கள். மீந்த கலவையை நாளைக்கென்று வைக்க முடியாது. ஆகவே தேவைக்கு ஒரு லிட்டர்கூட அதிகமாகக் கலக்காதீர்கள்.