ஆம்ப் போட்ட வண்டியா? பானட்டைத் திறந்து பாருங்கள்

போன மாதம் ஒரு தம்பி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முந்தைய ஓனர் டிக்கியில் ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் போட்டுவைத்திருந்த வண்டி. "அண்ணே, பாட்டு சத்தமா வெச்சா ஹெட்லைட் மங்குதுங்க. பெரிய பேட்டரியா மாத்திரலாங்களா?"

பானட்டைத் தூக்கினேன். பேட்டரியின் பிளஸ் டெர்மினலிலிருந்து ஒரு சிவப்பு கேபிள் கிளம்பி, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகரத்துத் துளை வழியாக நேரே உள்ளே போயிருந்தது. இடையில் ஃபியூஸ் இல்லை. துளை விளிம்பு கேபிளை அறுக்காமல் இருக்க மாட்டும் ரப்பர் வளையமான கிராமெட்டும் இல்லை. கேபிளைக் கொஞ்சம் இழுத்துத் திருப்பிப் பார்த்தேன். தகரத்து விளிம்பு உரசி உரசி மேல்தோல் முக்கால்வாசி அறுந்திருந்தது. கம்பி வெளியே தெரிய இன்னும் ஒரு மயிரிழைதான் பாக்கி.

"ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்குதுங்களேண்ணே" என்றார் தம்பி. கார் ஆடியோ போடுகிறவர்களிலேயே பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆம்பில் இருக்கும் ஃபியூஸ் ஆம்பைத்தான் காக்கும். பேட்டரியிலிருந்து டிக்கி வரைக்கும் நாலைந்து மீட்டர் கேபிள் ஓடுகிறதே, அதற்குக் காவல் யார்? வழியில் எங்காவது தோல் அறுந்து கம்பி வண்டியின் தகர பாடியைத் தொட்டால், கரண்ட் ஆம்ப் வரைக்கும் போகாது. பாடி வழியாகவே பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பிவிடும். சின்ன கார் பேட்டரிகூட அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும். கேபிள் பழுக்கும், அதைச் சுற்றி இருப்பதெல்லாம் கார்பெட்டும் ஃபோமும் பிளாஸ்டிக்கும். சாவியை எடுத்துவிட்டாலும் நிற்காது, ஏனென்றால் இந்த கேபிள் சாவி வழியாக வரவே இல்லை.

அதனால்தான் பேட்டரியிலிருந்து 18 அங்குலத்துக்குள் மெயின் ஃபியூஸ் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் விதி. நான் ஒரு சாணுக்குள்ளேயே போட்டுவிடுவேன். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது, அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்? கேபிள் தாங்கும் அளவைத் தாண்டக் கூடாது. பெட்டியில் அச்சடித்திருக்கும் பெரிய வாட்ஸை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ்., அதாவது ஆம்ப் விடாமல் தொடர்ந்து தரும் வாட்ஸ், எவ்வளவு என்று பாருங்கள். 500 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தரும், கிளாஸ் ஏபி என்ற வகை ஆம்ப் என்றால், சூடாகப் போய்விடுவதையும் சேர்த்து பேட்டரியிலிருந்து 800 வாட்ஸுக்கு மேல் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது 13.8 வோல்ட் என்று வைத்தால் ஏறக்குறைய 60 ஆம்பியர். அதற்கு 4 கேஜ் செம்பு கேபிள் வேண்டும், அதாவது 21 சதுர மில்லிமீட்டர். கேஜ் எண் குறையக் குறைய கம்பி தடிமன் என்பதை மறந்துவிடாதீர்கள். மலிவான கிட்டுகளில் தோல்தான் தடிமனாக இருக்கும், உள்ளே அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதே அளவு செம்பு தாங்கும் கரண்டை அது தாங்காது.

தம்பியின் ஹெட்லைட்டுக்கு வருகிறேன். ஆம்பின் மைனஸை வண்டி பாடியோடு சேர்க்கும் எர்த் வயரை பின்சீட்டுக்கு அடியில் ஒரு போல்ட்டில், பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டையும் வைத்து, ஆம்பின் மைனஸுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். 1.2 வோல்ட் காட்டியது. கிட்டத்தட்ட அவ்வளவும் அந்த ஒரு இணைப்பில் வீணாகிக்கொண்டிருந்தது. பெயின்டைத் தகரம் மினுங்கச் சுரண்டி, புது போல்ட் போட்டு, வயரையும் ஒன்றரை அடிக்குள் குறுக்கினேன். பிறகு 0.1 வோல்ட். லைட் மங்குவது கண்ணுக்கே தெரியவில்லை. பேட்டரி மாற்றும் செலவு மிச்சம். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் யாரையும் எர்த் எடுக்க விடாதீர்கள், அது உயிரைப் பிடித்து நிறுத்தும் போல்ட்.

இன்னொன்று. முன்கண்ணாடியின் பக்கவாட்டுத் தூணில் ட்வீட்டர் என்ற குட்டி ஸ்பீக்கரை வைக்க ஆசைப்படுவார்கள். அந்தத் தூணில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் அங்கே திருகவோ வயர் ஓட்டவோ நான் சம்மதிப்பதே இல்லை. ஏர்பேக் விரியும் வேகத்தில் அந்த ட்வீட்டர் முகத்துக்கு வரும்.

பழைய கேபிளை முழுசாக உருவிப் போட்டதும், தம்பி அந்த அறுந்த இடத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பின்சீட்டில்தான் தன் குழந்தை தூங்கிக்கொண்டு வரும் என்றார். அப்புறம் போனை எடுத்து முந்தைய ஓனரை அழைத்தார். அவர் தன் புது வண்டிக்கும் அதே ஆளிடம்தான் ஆம்ப் போட்டிருக்கிறாராம். "பாட்டு எதுவும் போடாதீங்க சார், அப்படியே வண்டிய ஓரங்கட்டி, மொதல்ல பேட்டரி மைனஸைக் கழட்டுங்க" என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தார்.