கடையில் தெரியாத கறுப்பு

தீபாவளிக்கு முந்தைய வாரம் சித்தப்பாவோடு டிவி வாங்கப் போனேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது 32 இன்ச் போதும் என்றுதான் சொன்னார். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிகளுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கிவிட்டதென்று யாரோ வழியில் சொல்ல, கடை வாசலை மிதிக்கும்போது ஆசை 43 இன்ச்சுக்கு ஏறியிருந்தது. அலசிக் கழித்ததில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. இரண்டும் 4கே (படத்தை உண்டாக்கும் குட்டிப் புள்ளிகளான பிக்சல்கள் அதிகம்), இரண்டிலும் ஹெச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் வசதி), இரண்டிலும் 20 வாட் ஸ்பீக்கர். விலையில் ஆயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதானடா இருக்கு?"

கடையில் அப்படித்தான் இருக்கும். உள்ளே என்ன பேனல், அதாவது படம் காட்டும் திரை எந்த வகை, என்று விற்பனைப் பையனிடம் கேட்டேன். "எல்லாமே எல்இடி பேனல்தான் சார்" என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, அட்டைப்பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஆனால் பட்ஜெட் விலையில் வரும் 'எல்இடி டிவி' எதிலும் படத்தைக் காட்டுவது எல்இடி கிடையாது. எல்இடி பின்னாலிருந்து வெளிச்சம் மட்டும் கொடுக்கிறது. படத்தை வரைவது அதற்கு முன்னால் இருக்கும் எல்சிடி, அதாவது திரவப் படிகம்.

திரவப் படிகத்தின் கதை கேரட்டிலிருந்து தொடங்குகிறது. 1888-ல் ஃப்ரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ரால் சார்ந்த பொருள் ஒன்றைச் சூடாக்கிப் பார்த்தார். 145.5 டிகிரியில் அது உருகிக் கலங்கலானது. 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் மறைந்து தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் குழம்பினார். இடைப்பட்ட அந்த நிலையில் பொருள் திரவமாக ஓடும். ஆனாலும் அதன் மூலக்கூறுகள் படிகத்தில் போல ஒரே திசை பார்த்து நிற்கும். மின்சாரம் கொடுத்தால் அந்தத் திசையைத் திருப்பலாம் என்பதுதான் இன்று நம் கையிலும் சுவரிலும் இருக்கும் பல திரைகளுக்கு அடிப்படை.

திரையின் இரு புறமும் இரண்டு ஃபில்டர்கள் உண்டு. ஒன்று ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும், மற்றது அதற்குச் செங்குத்தான திசையில் அதிர்வதை மட்டும் விடும். நடுவில் ஒன்றும் இல்லையென்றால் ஒளி வெளியே வராது. நடுவில் சில மைக்ரான் தடிமனுக்குத் திரவப் படிகத்தை வைத்தால், அது ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிடும். எவ்வளவு திருப்புகிறதோ அவ்வளவு வெளிச்சம் வெளியே. பைக்கில் போகும்போது போடும் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் இருந்தால், அதை டிவிக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் அப்படியே இருண்டு போகும். நீங்கள் மூன்றாவதாக ஒரு ஃபில்டரை வைத்துவிட்டீர்கள்.

சித்தப்பாவின் இரண்டு டிவிகளும் பிரிகிற இடம், அந்த மூலக்கூறுகள் எப்படிப் படுத்திருக்கின்றன என்பதில். ஒன்று விஏ வகை. அதில் மின்னழுத்தம் இல்லாதபோது மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக, நடவு முடிந்த வயலில் நாற்று நிற்பது போல, விறைத்து நிற்கும். ஒளியின் திசை மாறாது, இரண்டாவது ஃபில்டர் கிட்டத்தட்ட முழுவதையும் தடுத்துவிடும். கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். மின்னழுத்தம் கூடக்கூட நாற்று சாயும், வெளிச்சம் வரும்.

மற்றது ஐபிஎஸ். 1996 வாக்கில் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த முறை. இதில் மூலக்கூறுகள் எப்போதும் கண்ணாடிக்கு இணையாகப் படுத்தே கிடக்கும். மேஜையில் கிடக்கும் தீக்குச்சியை விரலால் சுற்றிவிடுவது போல, படுத்த வாக்கிலேயே திரும்பும். கறுப்பு காட்ட அவை அத்தனையும் ஃபில்டரின் திசைக்கு அச்சுப் பிசகாமல் ஒத்துக் கிடக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் ஒளி கசியும், கொஞ்சம் பிசகத்தான் செய்யும்.

எண்ணிக்கையில் சொன்னால், ஐபிஎஸ் திரையில் வெள்ளை கறுப்பைவிடச் சுமார் 1000 மடங்கு பிரகாசம். விஏ திரையில் 3000 முதல் 5000 மடங்கு. பட்ஜெட் டிவியின் வெள்ளை 250 நிட்ஸ் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொண்டால், ஐபிஎஸ்ஸின் 'கறுப்பு' கால் நிட்ஸ் வெளிச்சம் விடும். விஏ அதில் நான்கில் ஒரு பங்குதான் விடும்.

அப்படியானால் விஏவை வாங்கிவிட வேண்டியதுதானே? பக்கவாட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். காற்றில் பாதி சாய்ந்த வயலை ஒரு வரப்பிலிருந்து பார்த்தால் பயிரின் நுனிதான் தெரியும், எதிர் வரப்பிலிருந்து பார்த்தால் முழு நீளமும் தெரியும். விஏ மூலக்கூறுகளும் இடைப்பட்ட வெளிச்சத்தில் பாதி சாய்ந்தே நிற்பதால், பார்க்கும் இடத்துக்கு ஏற்ப ஒளி மாறுகிறது. முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் தப்பித்துவிடும், மாட்டிக்கொள்வது நடுத்தர நிறங்கள். அதாவது மனித முகங்கள். நேரே பார்த்தால் மாநிறமாக இருக்கும் சீரியல் கதாநாயகி, ஓரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு பூசியது போல வெளிறிப் போவார். ஒவ்வொரு பிக்சலையும் நான்கு அல்லது எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு பக்கம் சாயவைத்து இதைச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். ஓரளவு சரியாகும், முழுக்கச் சரியாகாது. ஐபிஎஸ்ஸில் குச்சி எழுந்து நிற்பதே இல்லை. அதனால் எங்கிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறுவதில்லை.

இப்போது கடைக்கு வருவோம். மேலே வரிசை வரிசையாகக் கண்ணைக் கூசும் விளக்குகள். அந்த வெளிச்சம் டிவி கண்ணாடியில் பட்டுத் தெறிப்பது மட்டுமே ஐபிஎஸ்ஸின் கால் நிட்ஸைவிடப் பல மடங்கு அதிகம். கறுப்பில் உள்ள வித்தியாசம் அதில் மூழ்கிப் போகிறது. நீங்களோ டிவிக்கு நேர் எதிரே நிற்கிறீர்கள், விஏவின் பக்கவாட்டுக் குறையும் தெரியாது. இரண்டின் குறையையும் ஒரே நேரத்தில் மறைக்கிற இடம் டிவி கடையைவிட்டால் வேறு கிடையாது. போதாக்குறைக்குக் கிளியும் ஆரஞ்சுப் பழமும் காட்டும் டெமோ வீடியோ வேறு.

எனவே நான் செய்தது இது. முதலில் யூடியூபில் வெறும் கறுப்புத் திரை ஓடும் வீடியோவைப் போடச் சொல்லி, இரண்டு கைகளையும் கண்ணைச் சுற்றிக் குவித்துத் திரையோடு ஒட்டிப் பார்த்தேன். ஒன்று சாம்பல், ஒன்று கறுப்பு. அடுத்து ஒரு பேட்டியைப் போட்டு, முகம் பெரிதாக வரும்போது ஓரத்துக்கு நகர்ந்தேன். கறுப்பில் ஜெயித்தது முகத்தில் தோற்றது. கடைசியாக வெள்ளைப் படத்தின் மேல் செல்போன் கேமராவைக் கிட்டே வைத்துப் பெரிதாக்கினேன். ஒன்றில் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் மீன் முள் போல மடங்கியிருந்தன. பல ஐபிஎஸ் பேனல்களில் இந்த வடிவத்தைப் பார்க்கலாம். பையன் இதற்குள் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தான். ஆனால் ஒரே மாடலில் வெவ்வேறு பேனல்கள் வருவதும் உண்டு, அதனால் இந்தச் சோதனையைப் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகும் ஒருமுறை செய்ய வேண்டும்.

4கே பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 43 இன்ச் திரை சுமார் 95 சென்டிமீட்டர் அகலம். 4கே-வுக்கு முந்தைய தரமான ஃபுல் ஹெச்டியில் ஒரு பிக்சல் அரை மில்லிமீட்டர். நல்ல கண் ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்ற கணக்கில், ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் பிக்சலே தெரியாது. அதைவிடப் பாதி அளவுள்ள 4கே பிக்சல் எங்கே தெரியப்போகிறது? ஹெச்டிஆரும் அப்படியே. அந்தப் படங்களில் 1000 நிட்ஸ் வரை பிரகாசம் வைத்துத் தயாரிப்பது வழக்கம். 250 நிட்ஸ் திரை அதைப் படித்துக்கொள்ளும், காட்டாது.

கவலைப்பட வேண்டியது பின்விளக்கு. இந்த விலையில் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் சில வரிசை எல்இடி பட்டைகள்தான், ஒவ்வொரு எல்இடிக்கும் மேல் பொத்தான் அளவு லென்ஸ். தீபாவளி சீரியல் பல்பு போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள், ஒன்று அறுந்தால் அந்த வரிசையே போய்விடும். என் பழைய டிவியில் ஒருநாள் சத்தம் வந்தது, படம் வரவில்லை. கம்பெனி ஆள் பேனலையே மாற்ற வேண்டும் என்று புது டிவி விலையில் முக்கால்வாசி கேட்டார். தெருமுனை மெக்கானிக் டார்ச்சைச் சாய்த்து அடித்தார். இருட்டுக்குள் செய்தி வாசிப்பவர் மங்கலாக வாயசைத்துக்கொண்டிருந்தார். "ஸ்ட்ரிப் மட்டுந்தான் சார் போச்சு." பேனல் நன்றாகவே இருந்தது. எல்இடியைக் கொல்வது சூடு. புது டிவியில் பேக்லைட்டை முதல் நாளே நூறிலிருந்து அறுபது, எழுபதுக்குக் குறைத்துவிட்டால் கண்ணுக்கும் இதம், எல்இடியும் கூடுதல் நாள் உழைக்கும்.

சித்தப்பா வீட்டு ஹால் பத்தடி அகலம். நாற்காலி ஒன்று டிவிக்கு நேரே, கட்டில் சுவரோரம், அதில் அப்பத்தா. சித்தி பாதி சீரியலை அடுப்படி வாசலில் நின்றே பார்ப்பார். சாயங்காலம் ஆறிலிருந்து டியூப்லைட் அணைவதில்லை. ஐபிஎஸ்ஸை எடுக்கச் சொன்னேன். இரவில் விளக்கணைத்துத் தனியாகப் படம் பார்க்கும் எனக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு விஏதான்.

மாட்டிய அன்று இரவு சித்தப்பா தியேட்டர் மாதிரி இருக்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டார்.

"ஏண்டா, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை சாம்பலா வெளுத்திருக்கே?"

எழுந்துபோய் டியூப்லைட்டைப் போட்டேன். பட்டை கறுத்தது. கட்டிலிலிருந்து அப்பத்தா, "படமெல்லாம் நல்லாத்தான் தெரியுது, அவுக பேசுறதுதான் ஒண்ணும் கேக்கல" என்றார். ஸ்பீக்கர் டிவிக்கு அடியில், தரையைப் பார்த்து இருந்தது.